இருபது பைகளில் இருபது ஓட்டைகள்

அந்தப் பூவை எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் இனி எழுதப்போவதில் பெரும்பகுதி அதன் மேலும், அதனால் என் வீட்டாட்கள் மேலும் எனக்கு வந்த எரிச்சல்தான்.

கடுகுக் குடும்பத்துச் செடி அது. உயரம் என் சுண்டுவிரலளவு. தடித்த வட்ட இலைகள், உச்சியில் நெருக்கமாக இளம் ஊதாப் பூக்கள், ஒவ்வொன்றிலும் நான்கு இதழ். குனிந்து மணந்தால் தேன் வாசம் வரும். கீழே பள்ளத்தாக்கில் எவ்வளவோ நல்ல மண் இருக்க, இது சுண்ணாம்புக்கல் உடைந்து சரிந்து கிடக்கிற மலைச்சரிவைத்தான் தேடிப் போகும். அதிலும் அசையாத பாறை என்றால் பரவாயில்லை. கால் வைத்தால் ஒரு முழம் கீழே இழுத்துக்கொண்டு போகிற சரளைதான் இதற்கு வேண்டும். கற்கள் நகர நகர, தண்டும் அவற்றுக்கிடையில் நீண்டு வளைந்து வேறோரிடத்தில் தலையை நீட்டும். இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. அதே செடிக்குப் பக்கத்தில் இலக்கத் தடி நட்டுவிட்டு, ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை போய், தடி ஒரு பக்கமும் செடி இன்னொரு பக்கமும் நிற்பதைக் கண்டபோது புல்லரிக்கவில்லை.

டொய்ச்சில், அதாவது இங்கே சுவிஸில் பேசும் ஜெர்மனில், இதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழில் நான் அறிய இல்லை. அம்மா 'உன்ர கடுகு' என்பார். அப்பா அதையும் சொல்ல மாட்டார்; 'உது' என்பார்.

என் பேச்சிலர் பட்ட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. பூச்சி ஒன்றுமே வராவிட்டாலும் இந்தச் செடி விதை கட்டுமா? அறுபது செடி போதும். இருபதுக்கு வலைத்துணிப் பை கட்டிப் பூச்சியை மறிப்பது. இருபதை அப்படியே விடுவது. மிச்ச இருபதுக்கு அதே பையைக் கட்டி, அதில் ஒரு ஓட்டை வெட்டிவிடுவது. இந்த மூன்றாவது இருபதுதான் உயிர்நாடி. மூடிய பைக்குள் விதை கட்டவில்லையென்றால், பூச்சி வராததாலா அல்லது பை வெயிலை மறித்ததாலா என்று யாராவது கேட்பார்கள். ஓட்டைப் பையிலும் அதே நிழல், ஆனால் பூச்சி உள்ளே போகலாம். அந்த இருபது இல்லாவிட்டால் ஆய்வே இல்லை.

செப்டம்பர் முடிவில் கையளிக்க வேண்டும். கையளித்தால் அடுத்த படிப்பும், மலை ஆய்வு நிலையத்தில் ஒரு இடமும் தயாராக இருந்தன. தவறினால் இன்னொரு பூக்கும் காலத்துக்கு, அதாவது இன்னொரு முழு வருடத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடமும் வேறு யாருக்காவது போய்விடும். காத்திருப்பது எனக்கு வராத காரியம். மின்தூக்கி வரக் காத்திருக்கச் சொன்னாலே படியில் ஓடிவிடுவேன்.

கடையில் வாங்கிய பைகள் விறைப்பாக இருந்தன. சோதித்துப் பார்த்ததில் காற்றுக்கு அடித்து அடித்துத் தண்டையே முறித்துவிட்டன. ஆகவே அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். உடுப்புத் தோய்ப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பொத்தான் தைப்பது, கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவது, ஒவ்வொரு உடுப்பின் உட்பக்கத்திலும் உரியவரின் பெயர்த் துண்டைத் தைப்பது எல்லாம் அம்மா. சனி ஞாயிறில் வீட்டில் சேலை ரவிக்கைகள். அட்லிஸ்வில் கோயில் திருவிழா நெருங்கினால் எங்கள் வரவேற்பறையில் இருக்க இடமிராது.

"எத்தினை?" என்று அம்மா கேட்டார்.

"நாப்பது."

"ஆருக்கு?"

"பூவுக்கு, அம்மா. நான் சொன்னனான் தானே, பூச்சி போகாம மூடுறதுக்கு."

"பூவுக்குச் சட்டையோ. துணி?"

துணி என் சாமத்திய வீட்டிலிருந்து வந்தது. பதின்மூன்று வயதில் நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சடங்கில், என்னைச் சிப்பி வடிவக் கதிரையில் இருத்தி, பின்னால் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்ட வெள்ளை வலைத்துணி. அதை எட்டு வருடமாக நிலவறையில் ஒரு பெட்டிக்குள் அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்தார். வெள்ளிப் பொட்டுகளை நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒரு மாதத்துக்கு என் சாப்பாட்டிலும் அவை மின்னின.

அப்பா கதவடியில் நின்று பார்த்தார். "எங்கட சனத்துக்கு உதைச் சொல்லிப்போடாத. மலையில பூவுக்குச் சாமத்திய வீடு செய்யிறாளெண்டு கதை வரும்."

"நீங்களும் ஒருநாள் வந்து பாருங்கோவன், அப்பா."

"டாவோஸில ஏழு வருசம் கோப்பை கழுவினனான். சமையலறை யன்னலுக்குள்ளால ஒரே மலை. உதுகளைப் பார்க்காம இருக்கத்தான் கீழ இறங்கி வந்தனான்."

அம்மா மூன்று நாளில் நாற்பது பையும் தைத்துவிட்டார். வாயில் இழுநூல், அடியில் ஒன்றிலிருந்து நாற்பது வரை சிவப்பு நூலில் இலக்கம். முதியோர் இல்லத்துப் பெயர்த் துண்டு மாதிரியே நேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை நான் நகம் வெட்டும் கத்தரிக்கோலால் இருபத்தொன்றிலிருந்து நாற்பது வரைக்கும் ஒவ்வொரு ஓட்டை வெட்டினேன், ஐந்து றாப்பன் நாணயமளவு. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டுச் சமையலறை மேசையில் வைத்தேன். திங்கள் முழுவதும் பல்கலைக்கழகத்தில் நின்றேன். செவ்வாய் விடியத் தகரத்தைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு எஸ்-பான் ரயிலுக்கு ஓடினேன்.

ஓட்டை வெட்டுவதைப் பற்றி வீட்டில் சொன்னேனா? சொன்னேன் என்பது என் கட்சி. சொல்லவில்லை என்பது அம்மாவின் கட்சி. நான் வேகமாகக் கதைப்பவள். நான் சொல்வதில் பாதியை வீட்டில் யாரும் காதில் எடுப்பதில்லை. எடுக்கிற பாதியிலும் அரைவாசி டொய்ச்சு.

கீழ் எங்கடின் பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கிருந்து பேருந்து, பிறகு இரண்டரை மணி நேர ஏற்றம். சரளைச் சரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று முகத்தில் அறைந்தது. ஜூன் மாதத்தில் கையுறை போட்டுக்கொண்டு, மொட்டாக நின்ற செடிகளுக்குப் பை மாட்டினேன். இலக்கத்தைப் பார்ப்பது, மாட்டுவது, இழுநூலை இறுக்குவது, அடுத்தது. பையை விரித்துப் பார்க்கவே இல்லை. விரித்தால் காற்று கொண்டுபோய்விடும் என்று இன்றைக்கும் சொல்கிறேன். உண்மை என்னவென்றால் எனக்கு அவசரம்.

ஒரு வயதான சுவிஸ் தம்பதி பாதையில் நின்றார்கள். நடைத்தடிகளை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது கலைப்படைப்பா?" என்று அந்த அம்மா கேட்டார்.

இல்லை, ஆய்வு என்றேன்.

"கலையென்றால் அனுமதி எடுக்க வேண்டும்" என்றார் அவர் கணவர்.

ஆய்வுக்கும் அனுமதி எடுத்திருக்கிறேன் என்று கடதாசியைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் வாசித்தார். பிறகு பரவாயில்லை என்பது போலத் தலையாட்டி, மேலே ஏறிப் போனார்கள். நான் கெட்டியாகப் பிடித்திருந்த பதினொன்றாம் பை அதற்குள் பறந்துவிட்டிருந்தது. அதைத் துரத்திப் பிடிக்க அரை மணி நேரம்.

இரண்டு கிழமை கழித்துப் பூச்சி எண்ணப் போனேன். ஒவ்வொரு ஓட்டைப் பைக்கும் முன்னால் பத்து நிமிடம் குந்தியிருந்து, எத்தனை பூச்சி உள்ளே போகிறது என்று குறிக்க வேண்டும். இருபத்தொன்று: பூச்சியம். இருபத்திரண்டு: பூச்சியம். பை போடாத செடிகளில் ஈக்களும் சிறுவண்டுகளும் சந்தை வைத்திருந்தன. ஓட்டைப் பைகளுக்குள் ஒன்று, ஒரே ஒன்றுகூடப் போகவில்லை. முப்பதாவது பையளவில் என் தலைக்குள் ஒரு கோட்பாடு பிறந்துவிட்டது. வெள்ளை வலையின் மினுக்கம் பூச்சிகளை விரட்டுகிறது. இதை யாரும் எழுதியதில்லை. நான் எழுதுவேன். அங்கேயே கல்லில் இருந்துகொண்டு, என் ஆய்வுக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்குக் கைத்தொலைபேசியில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். கடைசியில் 'இது ஆய்வின் திசையையே மாற்றக்கூடும்' என்று வேறு போட்டிருந்தேன்.

அவர் பேர்ன் நகரத்துக்காரி; நான் பேர்ன்காரி என்பேன். ஆறுதலாக, மெதுவாகத்தான் கதைப்பார், அவர் ஒரு வசனத்தை முடிக்க முன்னர் நான் மூன்று வசனம் சொல்லி அதில் இரண்டை மாற்றியும் விடுவேன். நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. ஒரு வரி.

'ஓட்டை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது?'

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் சொல்கிறேன், இவர் பக்கம் கேட்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றுப் பக்கமா மறுபக்கமா என்று பார்க்க இருபத்தொன்பதாம் பையைத் திருப்பினேன். ஓட்டை இல்லை. மறுபக்கம் திருப்பினேன். அங்கேயும் இல்லை. கையுறையைக் கழற்றித் துணியைத் தடவினேன். ஓரிடத்தில் விரலுக்குக் கொஞ்சம் தடிப்பாகப் பட்டது. கண்ணுக்கு நேரே தூக்கி வெயிலில் பிடித்தேன். அதே வலைத்துணியில் வட்டமாக ஒரு ஒட்டு. வலைக்கண்ணுக்கு வலைக்கண் பொருந்தும்படி வைத்து, மயிர்போன்ற வெள்ளை நூலால் தைத்திருந்தது. ஆள் யாரென்று தைத்த நேர்த்தியே சொல்லிற்று.

முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நாற்பது வரையும், பிறகு திரும்ப இருபத்தொன்றிலிருந்தும் பார்த்தேன். இருபது ஓட்டையும் அடைபட்டிருந்தன. உள்ளே பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன, இனி வெட்டிவிட்டும் பயனில்லை.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலையில் இடைவேளை நேரம். பின்னால் இயந்திரங்கள் உருளும் சத்தம்.

"அம்மா, அந்தப் பையளில இருந்த ஓட்டையளை என்ன செய்தனீங்கள்?"

"எந்த ஓட்டை?"

"இருபத்தொண்டில இருந்து நாப்பது வரைக்கும்."

"ஓ, அதோ. தைச்சுப்போட்டன். திங்கட்கிழமை நீ இல்லாத நேரம் தகரத்தைத் திறந்து பாத்தா அரைவாசி ஓட்டை. எலி கடிச்சதாக்கும் எண்டு பயந்துபோனன். பிறகு வட்டத்தைப் பாத்தா எலி மாதிரித் தெரியேல்லை."

"எலி ஐஞ்சு றாப்பன் அளவில வட்டமா வெட்டுமோ?"

"அதுதானே சொல்லுறன். ஒவ்வொண்டுக்கும் இருபது நிமிசம் போச்சுது. ஒட்டுப் போட்டது தெரியுதோ?"

"தெரியேல்லை. அதுதான் பிரச்சினை."

"தெரியாது" என்றார் அம்மா, மிகத் திருப்தியாக.

"அம்மா, அது நான் வெட்டின ஓட்டை. வேணுமெண்டு வெட்டினது. பூச்சி போறதுக்கு."

அம்மா யாரையோ இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"பூச்சி போகாம இருக்கத்தானே பை தைக்கச் சொன்னனீ?"

"இருபது பைக்குள்ள போகக்கூடாது. இருபது பைக்குள்ள போக வேணும்."

"அப்ப ஏன் பை?"

மலையில் நின்று, காற்று இரைய, இதற்கு நான் சொன்ன விளக்கத்தை இங்கே எழுதப்போவதில்லை. டொய்ச்சும் தமிழும் கலந்து கத்தினேன். ஒரு ஆட்டு மந்தை தலை நிமிர்ந்து பார்த்தது. கடைசியில் அம்மா சொன்னார்: "கிழிஞ்சது என்ர கையில வந்தா நான் தைக்கத்தான் செய்வன், பிள்ளை. நீ ஒரு துண்டு எழுதி வைச்சிருக்க வேணும். எங்கட இல்லத்தில எல்லாத்துக்கும் துண்டு எழுதித்தான் அனுப்புவினம்."

அதிலும் எனக்கு எரிச்சல் கூடியது, ஏனென்றால் அது சரி. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாக எங்களுக்குச் சொல்லித் தருவதும் அதுதான்: எல்லாவற்றிலும் துண்டு ஒட்டு.

பேர்ன்காரிக்கு நடந்ததை எழுதினேன். அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். 'அப்படியானால் உங்களிடம் நாற்பது மூடிய பைகள் இருக்கின்றன' என்று மட்டும் பதில் வந்தது.

இறங்கி வரும்போது கோபத்தில் வேகமாக நடந்து, பாதை தவறி, ஒரு வடக்குப் பக்கக் கணவாயின் அடிக்கு வந்துவிட்டேன். மேலே அண்ணாந்து பார்த்தால் இன்னும் பனி கிடந்தது. மலையில் மேலே ஏற ஏற நாட்காட்டி பின்னால் போகும். கீழே வாடிய பூ, மேலே பனி இப்போதுதான் விலகிய கல்லிடுக்கில் மொட்டாக நிற்கும். இதுவும் புத்தகத்தில் படித்ததுதான், கோபத்தில் மறந்துபோயிருந்தது. ஏறினேன். சரளையின் விளிம்பில், பனி உருகி ஓடுகிற ஈரத்தில், வட்ட இலைகள். ஒவ்வொன்றிலும் இறுக்கமான ஊதா மொட்டு. எண்ணினேன். நாற்பத்தைந்துக்குக் குறையாது. பதினைந்து பதினைந்தாக மூன்று கூட்டம். ஆனால் ஐந்தாறு நாளில் விரிந்துவிடும்.

முப்பது பை, சனிக்கிழமைக்குள். இந்த முறை துண்டு எழுதினேன். 'இவை பதினைந்திலும் ஓட்டை இருக்கும். ஓட்டை வேண்டும். மூட வேண்டாம்.' அம்மா அதைத் தையல் மெஷினில் குண்டூசியால் குத்தி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பிடி வெட்டுண்ட படியே விடேலாது" என்றார்.

"ஏன்?"

"இழை ஓடும். காத்துக்கு ஓட்டை பெருக்கும். பதினைஞ்சும் பதினைஞ்சு அளவில வரும். விளிம்புக்குக் காஜா தைக்க வேணும்."

"வேண்டாம் அம்மா, சும்மா விடுங்கோ."

"உன்ர படிப்பில அளவு எல்லாம் ஒண்டா இருக்க வேண்டாமோ?"

நூல்கண்டை எடுத்துக் கொடுத்தேன். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "பொத்தானும் வைச்சு விடு, பூச்சி போனாப் பிறகு பூட்டலாம்" என்றார்.

சனிக்கிழமை அம்மாவும் வெளிக்கிட்டார். கேட்டால், தைத்தது எப்படி மாட்டுப்படுகிறதென்று பார்க்க வேண்டுமாம். இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருந்தும் மரங்கள் முடிகிற எல்லைக்கு மேலே அவர் ஏறியதில்லை. முதியோர் இல்லத்து வெள்ளைச் சப்பாத்துதான் வழுக்காது என்று அதையே போட்டு வந்தார். பையில் பொரித்த றோல்ஸ் இருபது, ஒரு போத்தல் தேத்தண்ணீர், ஒரு குடை. ஏறும்போது பத்து அடிக்கொரு தரம் நின்றார்.

"இன்னும் எவ்வளவு?"

"பாதி."

"போன தரமும் பாதி எண்டனீ."

"போன தரம் பொய் சொன்னனான்."

சரளைக்கு வந்ததும் ஒரு கால் வைத்தார், சறுக்கினார், என் தோளைப் பிடித்தார். "இதிலயோ வளருது? விசர்க் கடுகு." பிறகு முழங்காலில் நின்று முதல் செடியைப் பார்த்தார். மணந்தார். பையை எடுத்து, மொட்டுகளில் படாமல் மேலாக இறக்கி, இழுநூலை இரண்டு விரலால் இறுக்கி முடிந்தார். நான் ஒன்று மாட்டுவதற்குள் அவர் மூன்று மாட்டினார். வயோதிபர்களின் உடுப்புகளுக்கு வருடக்கணக்காகப் பொத்தான் தைத்துப் பழகிய கை. காற்று எனக்கு மட்டும்தான் அடித்தது போல இருந்தது.

முப்பதும் முடிந்து றோல்ஸ் சாப்பிடும்போது, ஏற்கெனவே கொஞ்சம் விரிந்திருந்த ஒரு செடியின் ஓட்டைப் பையில் ஒரு ஈ வந்து இருந்தது. விளிம்பைச் சுற்றி நடந்தது. இருவரும் மெல்லுவதை நிறுத்தினோம்.

"போகுது" என்றார் அம்மா. "போட்டுது. உள்ளுக்குப் போட்டுது."

நான் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டேன். அதைப்போல இன்பமான கோடு நான் போட்டதில்லை.

"இப்ப வெளியில வரத் தெரியேல்லை அதுக்கு."

"வரும், அம்மா."

"சுத்திச் சுத்திப் பறக்குது. ஓட்டை காணாது. கத்தரிக்கோல் வைச்சிருக்கிறியோ?"

"அம்மா, கை வைக்காதேங்கோ."

"பாவம் அது."

"கை வைக்காதேங்கோ எண்டு சொன்னன்."

ஈ நாலு நிமிடத்தில் வெளியே வந்தது. அந்த நாலு நிமிடமும் நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் காய்களைக் கொண்டுவந்து எண்ணினேன். இரண்டு பையை ஆடு தின்றுவிட்டது, காஜாவோடு சேர்த்து. மற்றவை நின்றன. ஒரு ஓட்டையும் பெருக்கவில்லை. மிச்சப் பதின்மூன்றும் ஒரே அளவு. மூடிய பைகளில் காய்கள் பெரும்பாலும் சோர்ந்து சப்பையாக இருந்தன, இங்கொன்றும் அங்கொன்றுமாக விதை. ஓட்டைப் பைகளில் காய்கள் பை போடாதவற்றைப் போலவே பருத்திருந்தன. கேள்விக்கு விடை இருந்தது. கீழ்ச்சரிவின் நாற்பது பைகளும் வீணாகவில்லை. மூடிய பைகள் இவ்வளவு நிறைய யாரிடமும் இல்லை என்று பேர்ன்காரி எழுதினார். அது பாராட்டா என்று எனக்கு இன்னும் தெரியாது.

எழுதும்போதுதான் கடைசித் தலையிடி. முதல் தரம் என்ன நடந்ததென்று ஆய்வில் சொல்லியாக வேண்டும். டொய்ச்சில் நான் எழுதிய வசனம் இது: 'இருபது பைகளின் திறப்புகள், பொருத்தப்படுமுன், மூன்றாம் நபர் ஒருவரால் தவறுதலாகத் தைத்து மூடப்பட்டன.' பின்னால் ரவிக்கை ஒன்றை அயன் பண்ணிக்கொண்டிருந்த அம்மா கணினித் திரையை எட்டிப் பார்த்தார். அவருடைய டொய்ச்சு மெதுவானது, ஆனால் ஒன்றையும் தவறவிடாது.

"ஆர் மூண்டாம் நபர்?"

"நீங்கள்தான்."

"வீட்டில மூண்டு பேர். அதில நான் மூண்டாவதோ?"

"அப்பிடித்தான் எழுதுறது, அம்மா. பேர் போடுறேல்லை."

"சரி, அதுக்குப் பக்கத்தில என்ன? தவறுதலா எண்டோ?"

"ஓம்."

"தைச்சதில ஏதும் பிழையோ? ஒரு ஒட்டாவது பிரிஞ்சதோ?"

"இல்லை."

"இரண்டு கிழமை காத்திலயும் மழையிலயும் நிண்டது. ஒரு ஈ போகேல்லை. பிறகென்ன தவறுதல்?"

வாதாட நேரமில்லை, நான்கு நாள்தான் இருந்தது. 'மூன்றாம் நபர்' என்பதை 'தொழில்முறைத் தையற்காரர் ஒருவர்' என்று மாற்றினேன். 'தவறுதலாக' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அனுப்பினேன். மறுநாள் பேர்ன்காரியின் திருத்தங்களோடு திரும்பி வந்தது. அந்த வசனத்தின் ஓரத்தில் ஒரு கேள்வி: 'தவறுதலாகவா, வேண்டுமென்றேயா? வாசகருக்குத் தெரிய வேண்டும்.'

அம்மாவிடம் கேட்டேன்.

"வேணுமெண்டுதான்" என்றார், ஊசியில் நூல் கோத்தபடி. "ஓட்டையைக் கண்டா வேற என்ன செய்யிறது?"

அப்படியே எழுதிக் கையளித்தேன். ஆய்வு நிலையத்து இடமும் கிடைத்தது. என் ஆய்வின் பன்னிரண்டாம் பக்கத்தில், இருபது திறப்புகளும் தொழில்முறைத் தையற்காரர் ஒருவரால் வேண்டுமென்றே தைத்து மூடப்பட்டன என்று இருக்கிறது. ஏன் என்று அங்கே விளக்கமில்லை. எழுதித்தான் பார்த்தேன், முக்கால் பக்கம் வந்தது. பேர்ன்காரி முழுவதையும் வெட்டிவிட்டார்.